ஒம்பது சூடம் வக்கீல்

"எனக்கென்று ஒன்றும் வேண்டாம், எல்லாம் பொது நன்மைக்காகத்தான்" என்று ஒருவன் பேச ஆரம்பித்தால், கேட்கிறவர்கள் வாசலில் விட்ட செருப்பு இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. அனுபவத்தில் சொல்கிறேன். அப்படிப் பேசிக்கொண்டு திரிந்தவன் நானேதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. சட்டம் படித்து முடித்து, பாலக்காட்டில் கல்பாத்திக்காரரான ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் கோர்ட்டில் நான் வாயைத் திறந்ததெல்லாம் வாய்தா கேட்பதற்காகத்தான். (அதிலும் பாதி, நீதிபதியின் காதில் விழவில்லை.) ஆனால் சொந்த ஊரான பெருமாட்டியில் நான் பெரிய வக்கீல். சித்திரை வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒன்றரை மைல் நடக்கும்போதுகூடக் கறுப்புக் கோட்டைக் கழற்றமாட்டேன். வரப்பில் மேய்கிற எருமைகள் மட்டும்தான் பார்க்கும் என்றாலும் எருமைகளும் தெரிந்துகொள்ளட்டுமே என்பது என் கொள்கை.

எங்கள் பக்கத்துத் தென்னை விவசாயிகள் பலர் சேர்ந்து, இடுக்கி மலையில் சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தை வாங்கி, அதை லிமிடெட் கம்பெனி ஆக்கியிருந்தார்கள். தோட்டம் மலையில், ஆபீஸ் பெருமாட்டியில், ஒரு கொப்பரைக் கிடங்கின் முன்னறையில். பங்கு வாங்கியவர்களில் பாதிப் பேர் ஏலச்செடியைக் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் கண்டது பங்குப் பத்திரத்தைத்தான். பச்சைக் கரை போட்டு, மூலையில் ஓர் ஏலச்செடியும் அடியில் சிவப்பு முத்திரையும் வைத்து அச்சடித்த அழகான பத்திரம். அதற்குக் கண்ணாடி போட்டு, முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் மாட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். நான் சட்டம் பாஸ் செய்த சந்தோஷத்தில் அப்பா என் பெயருக்கும் ஐந்து பங்கு வாங்கியிருந்தார். ஆகவே நானும் ஒரு பங்குதாரன். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

கம்பெனியின் மானேஜிங் டைரக்டர் நாச்சிமுத்து. ஊருக்கே மாமா. வெள்ளை வேட்டி, எஸ்டேட் ஜீப், யாரைக் கண்டாலும் முதலில் கும்பிடுகிற கை. ஊரில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் பந்தியை நின்று கவனிப்பது அவர்தான்.

அப்படி ஒரு கல்யாணத்தில், நான் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். (பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சொன்னதை நான் ஒருநாளும் மீறியதில்லை.) இலையில் பச்சடி வைத்தாகிவிட்டது. அப்பளம் எனக்கு நாலு இலை தள்ளி வந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்து மாமா குனிந்து என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, பொள்ளாச்சியிலிருந்து ஏலக்கா யாவாரி ஒருத்தர் வந்திருக்காருங்க. நீங்க நம்மூட்டுப் பையன்தானுங்க. கொஞ்சம் எந்திரிச்சு அடுத்த பந்தில உக்காந்துக்குங்க."

எழுந்தேன். கோட்டோடு எழுந்தேன். எதிர் வரிசையில் பெண் வீட்டார் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனை எழுப்புவதைவிட, கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு சாப்பிட்டுவிட்டாவது வந்திருப்பேன். (இதற்கும் பின்னால் வரும் வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்படித்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.)

அதற்கு இரண்டு மாதம் கழித்து, தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற செல்லையா ஆபீசுக்கு வந்தவர், யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்; அப்பா காலத்திலேயே மலை ஏறிய குடும்பம். தோட்டத்தின் உச்சியில் ஓடைக்காடு என்று ஒரு பகுதி உண்டு. கோடையில் மொத்தத் தோட்டத்துக்கும் தண்ணீர் அங்கிருக்கிற ஓடையிலிருந்துதான். அந்த ஓடைக்காட்டை, டைரக்டர்கள் கூடி ஒரு தீர்மானம் போட்டு, நாச்சிமுத்துவின் மச்சினனுக்கே கிரயம் செய்து கொடுத்துவிட்டார்கள். டைரக்டர்கள் என்றால் மூன்று பேர்: நாச்சிமுத்து, அவர் தம்பி, அந்த மச்சினனின் அப்பா.

நான் உடனே சாந்தன்பாறைக்குக் கிளம்பினேன். பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று மூன்று பஸ் மாறி, இரண்டாம் நாள் தோட்டத்தில் கால் வைத்தேன். (கோட்டோடுதான். காலரில் புகுந்த அட்டை ஒன்று நான் சட்டம் பேசிக்கொண்டிருந்த முழு நேரமும் என் கழுத்தில் நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தது.) ஓடைக்கரையில் புது முள்வேலி போட்டிருந்தார்கள்.

"இந்த ஓடை போச்சுன்னா தோட்டம் போச்சுய்யா" என்றார் செல்லையா. "கோடைக்கு நாத்து ஒண்ணு நிக்காது. லயத்து வீடுகள்ல இருக்க கூலிச் சனம் குடிக்கதும் இந்தத் தண்ணிதான். தோட்டத்தப் பூட்டிட்டா நாங்க எங்கிட்டுப் போக?"

"நீங்க கவலைப்படாதீங்க. இது டைரக்டர்கள் செய்த துரோகம். பங்குதாரன் என்ற முறையில் நான் அவர்களைக் கோர்ட்டுக்கு இழுக்கிறேன். எனக்கென்று ஒன்றும் வேண்டாம், எல்லாம் கம்பெனிக்காகத்தான்" என்றேன். மலைக்காற்றில் அது மிகவும் நன்றாகக் கேட்டது. செல்லையா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு நெஞ்சு விரிந்துபோயிற்று.

சீனியர் வெற்றிலையை மென்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"வழக்கு உண்டு. கம்பெனிக்காகப் பங்குதாரன் போடற கேஸாக்கும் இது. ஆனா ஒருத்தன் மட்டும் போனா, கோர்ட்ல பைத்தியம்னு நெனச்சுப்பா. நாப்பது பேர் கையெழுத்தாவது வாங்கிண்டு வா. அப்புறம் ஒண்ணு. இந்த மாதிரி கேஸ்ல வாதியோட கை சுத்தமா இருக்கணும், கேட்டியா. சொந்த விரோதத்தைத் தீர்த்துக்கறதுக்குக் கம்பெனியை மறைவா வச்சுண்டு வரப்படாது. உனக்கு அந்த ஆள் பேர்ல வேற விரோதம், வைரம் ஒண்ணும் இல்லையே?"

"ஒன்றுமே இல்லை சார்" என்றேன். பச்சடி வைத்த இலை ஒன்று கண் முன் வந்தது. அதை ஒதுக்கிவிட்டேன்.

கையெழுத்து வாங்க முதலில் போனது நஞ்சக்கா வீட்டுக்கு. வேலந்தாவளம் சந்தையில் ஒரு ஜோடிக் காளையை விற்றுவிட்டு, வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பணத்தில் கம்பெனிப் பங்கு வாங்கியவள் அவள். புருஷன் இல்லை, தோப்பு, மாடு எல்லாம் அவள் நிர்வாகம்தான். அவள் கையெழுத்துப் போட்டால் ஊர் போடும். நான் போனபோது சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கேஸு ஜெயிச்சா ஓடைக்காடு நம்ம கைக்கு வருங்களா தம்பி?"

"நம்ம கைக்கு வராதுங்க அக்கா. கம்பெனிக்குத்தான் வரும்."

"அப்பக் கம்பெனியே கேஸு போட்டுக்கட்டுமே. நமக்கெதுக்குங்க?"

"கம்பெனி போடோணும்னா டைரக்டருங்க தீர்மானம் போடோணுமுங்க."

"எந்த டைரக்டருங்க?"

"ஓடைக்காட்ட எழுதிக் குடுத்தாங்கல்ல, அவங்கதானுங்க."

நஞ்சக்கா அரிவாளைக் கீழே வைத்தாள். "களவாணிகிட்டயே போயி, உம்மேல பிராது குடுத்துக்கட்டுமான்னு உத்தரவு கேக்கோணுமாக்கும். ஏனுங், அந்தக் கம்பெனிக்குன்னு ஒரு வாயி இல்லீங்களா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு அந்த மகத்தான யோசனை பிறந்தது. பின்னால் என்னை வீழ்த்தியதும் அதே யோசனைதான்.

"அக்கா, நம்ம மாரியம்மன் கோயில் நெலத்தத் தர்மகர்த்தா வாயில போட்டுக்கிட்டார்னு வைங்க. சாமி எந்திரிச்சு வந்து கேஸு போடுமுங்களா?"

"அதெப்படிப் போடும்?"

"தர்மகர்த்தா போடுவாருங்களா?"

"அவன் எதுக்குப் போடறான்? கும்பிடற சனந்தான் போடோணும்."

"ஜெயிச்சா நெலம் யாருக்கு வரும்?"

"சாமிக்கு."

"அவ்வளவுதானுங்க அக்கா. கம்பெனிதான் சாமி. டைரக்டரு தர்மகர்த்தா. நாம கும்பிடற சனம்."

நஞ்சக்கா எழுந்து போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்தாள். சுவரிலிருந்து பங்குப் பத்திரத்தை இறக்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, கிழக்குப் பார்த்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள்.

சட்டக் கல்லூரியில் இதே பாடத்தை நடத்த எங்கள் பேராசிரியருக்கு மூன்று வாரம் பிடித்தது. அப்படியும் யாருக்கும் விளங்கவில்லை. நானோ ஒரு மாட்டுத் தொழுவத்தில் மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டேன். என் மேல் எனக்கே பிரமிப்பு வந்தது. அதன்பின் வீடு வீடாகப் போய் அதையே சொன்னேன். போகப் போகக் கைச்சரக்கும் சேர்ந்தது: தோட்டம் கர்ப்பக்கிரகம், வருஷாந்தரக் கூட்டம் திருவிழா, லாபத்தில் வருகிற பங்கு பிரசாதம். பத்து நாளில் நாற்பத்திரண்டு கையெழுத்து. சனங்கள் கொப்பரைக் கிடங்கு ஆபீசுக்குள் போகும்போது செருப்பை வெளியே கழற்றிவிட ஆரம்பித்தார்கள். ஒருவர் வாசலில் தேங்காய் உடைத்தார். ஆபத்து அப்போதே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

வழக்கு மனுவை நானே எழுதினேன். (எங்கள் பக்கத்துக் கோர்ட்டுகளில் அதற்குப் பெயரே அன்னியாயம். பெயர் வைத்தவர் என் மனுவை முன்கூட்டியே படித்திருக்கவேண்டும்.) சீனியர் பார்த்துவிட்டு, தாக்கல் செய்யலாம் என்றார். பேசாமல் போய்த் தாக்கல் செய்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஆனால் இவ்வளவு நன்றாக எழுதியதை ஊருக்குப் படித்துக் காட்டாமல் எப்படி இருப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிடங்கு வாசலில் நாற்பத்திரண்டு பேரையும் கூட்டினேன். கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு, கனைத்துவிட்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"வாதிகள், நீங்கள் எல்லோரும். பிரதிகள், அதாவது யார் மேல் வழக்கோ அவர்கள். ஒன்றாம் பிரதி, கம்பெனி. இரண்டாம் பிரதி, நாச்சிமுத்து..."

"நில்லுங்க" என்றாள் நஞ்சக்கா. "மொதப் பிரதி யாருன்னீங்க?"

"கம்பெனிங்க அக்கா. அது சும்மா ஒரு முறைக்கு."

"சாமிய மொதப் பிரதியாப் போட்டுட்டுக் களவாணிய ரெண்டாவதாப் போட்டிருக்கறீங்க."

பெண்கள் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான் விளக்கினேன். கம்பெனிக்கு நன்மையாகத் தீர்ப்பு வாங்கவேண்டுமானால் கம்பெனியும் வழக்கில் ஒரு கட்சியாக இருந்தாகவேண்டும். அது தானாக வாதியாக வர முடியாது. ஆகவே பிரதியாகச் சேர்ப்பதுதான் சட்டம். முழுக்க உண்மை. உலகத்தில் எந்தக் கோர்ட்டிலும் செல்லும். பெருமாட்டிக் கொப்பரைக் கிடங்கு வாசலில் மட்டும் செல்லவில்லை.

பின்னால் நின்ற ஒருவர் கேட்டார்: "அப்பச் சாமிக்குச் சம்மன் போகுங்களா?"

"போகுமுங்க. முறைக்குத்தான்."

"அத யாரு கையொப்புப் போட்டு வாங்குவாங்க?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் என்னால் வாயை மூட முடியாது. "கம்பெனிக்காக எம்.டி. வாங்குவாருங்க" என்றேன்.

அவ்வளவுதான். நாற்பத்திரண்டு பேரும் கையெழுத்தைத் திருப்பிக் கேட்டார்கள். (கையெழுத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.) சாமிக்காகக் கேஸ் போடலாம், சாமி மேலேயே போடுகிறவன் எப்படிப்பட்டவன் என்று கேட்டார்கள். கம்பெனி சாமி இல்லை, அது ஒரு உவமை என்று சொல்லிப் பார்த்தேன். பத்து நாள் வீடு வீடாகச் சாமி சாமி என்றவன், பதினோராம் நாள் உவமை என்றால் யார் நம்புவார்கள்?

கடைசியில் நஞ்சக்காதான் கையை உயர்த்தினாள். "கோர்ட்டெல்லாம் பொறவு பாத்துக்கலாம். சாமி சொத்துன்னா சாமிகிட்டயே போவோம். வர்ற செவ்வாக்கிழம மாரியம்மன் கோயில்ல, எடுத்தவரும் சூடம் அணச்சுச் சத்தியம் பண்ணட்டும். கேக்கறவரும் சூடம் அணச்சுச் சத்தியம் பண்ணட்டும். ரெண்டு பேருமே சுத்தம்னா தம்பி சொல்லற மாதிரியே கோர்ட்டுக்குப் போலாம்."

எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சொல்கிற சத்தியத்துக்கு மேல் எங்கள் பக்கம் அப்பீல் கிடையாது. நாச்சிமுத்து வரமாட்டார், வந்தாலும் தோற்பார் என்று எனக்குத் தோன்றியது. நானோ சட்டத்தின் பக்கம் நிற்பவன். ஆகவே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"ஒண்ணென்னங்க, ஒம்பது சூடம் வேணும்னாலும் அணைக்கறேன்."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கோயில் முன்னால் பெருமாட்டியே இருந்தது. வேலந்தாவளம் சந்தைக்கு மாடு ஓட்டிப்போன ஆட்கள்கூட மாட்டை வேலியோரம் கட்டிவிட்டு வந்து நின்றார்கள். நாச்சிமுத்து மாமா ஜீப்பில், மனைவியோடு வந்து இறங்கினார். எல்லோரையும் கும்பிட்டார். என்னையும் கும்பிட்டார். செல்லையா என் தந்தியைப் பார்த்துவிட்டு, சாந்தன்பாறையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஒரு கோணிப்பையில் வாடிப்போன ஏல நாற்று.

"ஓடைய மறிச்சிட்டாகய்யா. மேக்காட்டு நாத்தாங்கால் பூராம் இப்படித்தான் கெடக்கு" என்றார். "இன்னிக்கு முடிஞ்சிரும்லா?"

"முடித்துவிடுவோம்" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன்.

பூசாரி ஒரு தட்டில் வெற்றிலை போட்டு, அதன்மேல் சூடத்தை வைத்தார். நான் முதலில் போகிறேன் என்று நானாகவே முன்னால் போனேன். சத்திய வாசகத்தை நஞ்சக்கா சொல்லித்தந்தாள்.

"இந்தக் கேஸு கம்பெனிக்காகத்தான். எனக்குன்னு மனசுல ஒரு வஞ்சமும் இல்லைன்னு சொல்லி அணைங்க தம்பி."

சூடத்தை ஏற்றினார்கள். நான் கையை நீட்டினேன்.

அப்போது அந்த இலை வந்தது. பச்சடி ஒரு ஓரம். அப்பளம் நாலு இலை தள்ளி. தோளில் ஒரு கை. எதிர் வரிசையில் பெண் வீட்டார். நான் சாந்தன்பாறை பஸ்ஸில் ஏறியபோதும், வீடு வீடாகப் போனபோதும், மனுவில் நாச்சிமுத்து என்று எழுதும்போது பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியபோதும் அந்த இலை என்னோடேயே வந்திருக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. கை அப்படியே நின்றது. சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"காத்தடிக்குதுங்க" என்றேன். காற்று இல்லை. தென்னை மரங்கள்கூட என்னைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் நின்றன.

சூடம் தானாக எரிந்து அடங்கியது. பூசாரி இன்னொன்று வைத்தார்.

வக்கீல் புத்தி வேலை செய்தது. "அக்கா, 'ஒரு வஞ்சமும் இல்லை' என்பதை 'பெரும்பாலும் வஞ்சம் இல்லை' என்று மாத்திக்கலாமுங்களா?"

"சூடத்துல பெரும்பாலும்னு ஒண்ணும் இல்லீங்க தம்பி" என்றாள் நஞ்சக்கா.

இரண்டாவதும் எரிந்து முடிந்தது. மூன்றாவதை வைத்தார்கள். கூட்டத்தில் யாரோ, "இன்னும் ஆறு இருக்குதுங்க" என்றார்கள். நான் திரும்பிச் செல்லையாவைப் பார்த்தேன். கோணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டுக் குடிதண்ணீர் என் கையில் நிற்கிறது, நான் ஓர் அப்பளத்தை நினைத்துக்கொண்டு நிற்கிறேன். வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு சிறியவனாக நான் நின்றதில்லை.

"என்னால முடியாதுங்க அக்கா" என்றேன். "மாமா என்னப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டாருங்க. எலையில பச்சடி வச்ச பொறகு. அந்த வஞ்சம் இருக்குதுங்க. ஆனா ஓடைக்காட்டச் சொன்னது அத்தனையும் நெசமுங்க."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. முதலில் பெண்கள் பக்கம், பிறகு ஆண்கள், பிறகு பூசாரி, தட்டு ஆட ஆட. மாட்டுக்காரர்கள் கதை விளங்காமலேயே சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நாச்சிமுத்து மாமாதான். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஒரு அப்பளத்துக்காங்க தம்பி" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

"உங்க மொறைங்க" என்றாள் நஞ்சக்கா.

அவர் சிரிப்பு ஒரு படி இறங்கியது. தட்டுக்கு முன்னால் வந்தார். ஓடைக்காட்டைக் கம்பெனி நன்மைக்காகத்தான் எழுதிக்கொடுத்தேன் என்று சொல்லி அணைக்கவேண்டும். சூடத்தை ஏற்றினார்கள். கையை நீட்டினார். அந்தக் கை எனக்கு மிகவும் பழக்கமான இடத்தில் வந்து நின்றது.

"இது நல்ல சூடந்தானுங்களா?" என்று பூசாரியைக் கேட்டார்.

"தம்பிக்கு வச்சதுதானுங்க" என்றார் பூசாரி.

கோர்ட்டாக இருந்தால் நாச்சிமுத்து மாமா பத்துப் பக்கத்துக்குப் பொய்ப் பத்திரம் தாக்கல் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார். ஆனால் இங்கே, வக்கீலே ஒத்துக்கொண்டுவிட்டான், ஊரே பார்த்துவிட்டது. சூடம் பாதி எரிந்தபோது கூட்டத்திலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. ஓடைக்காட்டை வாங்கியிருந்தது அந்த அம்மாளின் சொந்தத் தம்பி.

"எந்தம்பிக்கு நட்டமாப் போனாலும் போகுது" என்றாள். சத்தம் போடவில்லை; சாதாரணமாகத்தான் சொன்னாள். "பொய்ச் சத்தியம் பண்ணிப்போட்டு ஊட்டுப்பக்கம் வராதீங்க."

மாமா கையை மெல்ல இறக்கித் துண்டில் துடைத்துக்கொண்டார். "திருப்பி எழுதிக் குடுத்தர்றனுங்க" என்றார்.

செல்லையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்தான் முதலில் பேசினார்: "அப்பளம் அம்புட்டுப் பிடிக்குமாய்யா?"

நஞ்சக்காவின் தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. ஓடைக்காடு ஒரு மாதத்துக்குள் கம்பெனி பெயருக்குப் பதிவாகவேண்டும். வேலி அன்றைக்கே பிரிக்கப்படவேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் வேறு டைரக்டர்கள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சாமிக்குன்னு சொல்லிப்போட்டு உங்க எலைக்காக எங்ககிட்ட ஒப்பு வாங்கியிருக்கறீங்க. உண்மைய ஒத்துக்கிட்டீங்க, அதனால அபராதம் இல்ல. ஆனா இனிமே நம்மூர்ல எந்த விசேசமானாலும் உங்களுக்குக் கடைசிப் பந்திதானுங்க."

கூட்டம் ஏகமனதாக நிறைவேற்றியது. எங்கள் கம்பெனியின் வரலாற்றில் மறுப்பே இல்லாமல் நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான்.

சீனியரிடம் போய்ச் சொன்னேன். வெற்றிலைச் சாறு சட்டையில் வழிகிற அளவுக்குச் சிரித்தார். "கை சுத்தமாடான்னு நான் கேட்டேனோ இல்லையோ? போகட்டும். வாதியும் பிரதியும் அவாவா வாயாலேயே தப்பை ஒத்துண்ட கேஸை நான் இன்னி வரைக்கும் பாத்ததில்லை, ஆக்கும். இது பரவித்துன்னா நாமெல்லாம் கடையை மூட வேண்டியதுதான்" என்றார். என் அன்னியாயத்தை இரண்டாக மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆடுவது நின்றுவிட்டது. நான் எழுதியதில் முதன்முதலாக உபயோகப்பட்டது அதுதான்.

சொன்னபடி பத்திரம் பதிவானது. ஓடை திரும்பியது. அடுத்த கூட்டத்தில் நஞ்சக்காவையே டைரக்டர் ஆக்கினார்கள். தீர்மானம் எதுவானாலும் முதலில் ஒரு சூடத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் விவாதத்தைத் தொடங்குவாள். கம்பெனி பல வருஷம் நன்றாக நடந்தது. எனக்கு ஊரில் 'ஒம்பது சூடம் வக்கீல்' என்ற பட்டம் நிலைத்தது. தபால்காரர்கூடக் கடிதத்தில் எழுதியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "ஒம்பது சூடத்துக்குத்தானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் கொடுப்பார்.

மூன்று வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். பெண் உடுமலைப்பேட்டை; கல்யாணம் பெருமாட்டியில். தாலி கட்டி முடித்து, மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் முதல் பந்தியில் போய் உட்கார்ந்தோம். இலையில் பச்சடி வைத்தார்கள். தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பிப் பார்க்காமலேயே எனக்கு அது யார் கை என்று தெரிந்துவிட்டது.

"தம்பி, கடைசிப் பந்திங்க" என்றார் நாச்சிமுத்து மாமா. அவருக்குப் பின்னால் நஞ்சக்கா நின்றிருந்தாள். மாப்பிள்ளைக்கு விலக்கு உண்டா என்று பார்த்தேன். அவள் முகத்தில் விலக்கு எதுவும் தெரியவில்லை. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத என் மனைவி, எதற்கு என்று தெரியாமலே என்னோடு எழுந்து, மூன்று மணிக்கு வடை தீர்ந்துபோன கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, பக்கத்தில் பரிமாறிய நஞ்சக்காவிடம் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் என்னைப் பற்றி முதன்முதலில் அறிந்த செய்தி இதுதான். அந்த வடையை அவள் இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு சூட டப்பா இருக்கிறது. நான் எப்போதாவது தொண்டையைச் செருமிக்கொண்டு "எனக்காகச் சொல்லவில்லை" என்று தொடங்கினால், அவள் பேசாமல் அதை எடுத்து என் முன்னால் வைத்துவிடுவாள். குழந்தைகள் பேசப் பழகும் முன்பே தீப்பெட்டியை எடுத்துக் கொடுக்கப் பழகிவிட்டார்கள்.

போன ஓணத்துக்கு வீடு நிறைய ஆட்கள். எனக்குச் சர்க்கரை வியாதி வந்து பல வருஷம் ஆகிறது. அதனால் நான் மிகவும் நிதானமாகச் சொன்னேன்: "எனக்கு ஒரு துளி வேண்டாம். வந்திருக்கிற பிள்ளைகளுக்காகத்தான் சொல்கிறேன். பாயசம் இந்த வருஷம் கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிடலாம்."

மனைவி டப்பாவை எடுத்தாள். ஒரு தட்டில் சூடத்தை வைத்து ஏற்றி, "அணச்சுட்டுச் சொல்லுங்க" என்றாள்.

புது மருமகன் ஒன்றும் புரியாமல் எல்லோர் முகத்தையும் பார்த்தார். மகள் அவருக்குக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் அப்பளத்துக்கு வந்து சேர்வதற்குள் சூடம் தானாகவே எரிந்து முடிந்துவிட்டது. பாயசம் வைத்தார்கள். கடைசிப் பந்தியில் எனக்கு ஒரு கரண்டி மிச்சம் இருந்தது.